கொப்பரையில் கடைசி இடம்

கடத்தூருக்கு மேற்கே கல்லாத்துப்பட்டி என்று ஓர் ஊர். பாதிப் பேர் அந்தோணியார் கோயிலைச் சேர்ந்தவர்கள், பாதிப் பேர் மாரியம்மன் கோயிலைச் சேர்ந்தவர்கள். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் மட்டும் அந்த வித்தியாசம் இருக்காது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் எல்லோரும் ஒரே மண்ணில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குத்தான் வானத்துக் கப்பல் நாடகம்.

ராயம்மாள் ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை. சைக்கிள் கடை அல்போன்சின் மனைவி. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் புலம்பல் பாடுகிறவள். குரல் கொஞ்சம் கனத்த குரல். அவள் பாடும்போது ஆண்பிள்ளைகள்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ரேடியோவில் வந்த கதை இதுதான். பூமி எரியப்போகிறது. ஏதோ ஒரு நட்சத்திரத்திலிருந்து கப்பல் ஒன்று இறங்கி, சில பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். கப்பலில் இருப்பவர்களை யாரும் பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்கும். அது பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடப்பட்டவர் ஏரை வயலில் போட்டுவிட்டு, சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போவார். அப்புறம் திரும்ப மாட்டார். அவர் செத்தாரா, அங்கே நன்றாக இருக்கிறாரா என்று கதையில் சொல்லவே இல்லை. அதுதான் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்தது.

தர்மபுரி தனி மாவட்டமான வருஷம் அது. ஒரு சனிக்கிழமை அந்தக் குரல் சொன்னது: "இன்னும் ஓர் இடம் இருக்கிறது. வரவேண்டியவரின் பெயர்..." அதோடு வாத்தியம் ஒலித்து நின்றது. அடுத்த சனிக்கிழமை பாகிஸ்தானோடு சண்டை என்று செய்தி படித்தார்கள். சண்டை நின்ற பிறகும் நாடகம் வரவில்லை. அந்த நேரத்துக்கு யூரியா போடுவது எப்படி என்று ஒருவர் பேசினார். எழுதினவருக்கு உடம்பு சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். சர்க்காரே நிறுத்திவிட்டது என்று சிலர் சொன்னார்கள். யாருக்கும் நிஜம் தெரியாது.

அந்த ஐப்பசியில் மழையும் வரவில்லை.

பச்சியப்பன் ஊரில் பெரியவர். பாரதக் கூத்து வைப்பது அவர் பொறுப்பு. அவர் ஒருநாள் சைக்கிள் கடைக்கு வந்து, சும்மா ஒரு டயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அல்போன்சு, பாரதம் வெச்சா பதினெட்டாம் போரு முடியாம பந்தலப் பிரிப்பமா?"

"எப்படிங்க பிரிக்கிறது? மழை நின்னுடுமே."

"அதான் நின்னுடுச்சு. ரேடியோக்காரன் பாதியில வுட்டுட்டுப் போயிட்டான். அவனுக்கென்ன, அவன் ஊர்ல ஆத்துத் தண்ணி ஓடுது. கேட்டவங்க நாமதானுங்க?"

"அது ரேடியோங்க. நாம என்ன பந்தலா போட்டோம்?"

"உக்காந்து கேட்டமில்ல? உக்காந்தாவே பந்தல்தான். மங்களம் பாடாத கதை ஊருக்கு ஆகாதுங்க. நீங்கதான் கிறிஸ்மஸுக்கு நாடகம் போடறீங்களே, இதையும் முடிச்சு வுடுங்க."

அல்போன்சுக்கு உள்ளூரச் சந்தோஷம். இடையன், ஏரோது ராஜா என்று எழுதி அலுத்திருந்தார். காசு செலவில்லாமல் கப்பல் செய்தாக வேண்டும். கரும்பு ஆட்டும் காலம் போய்விட்டதால் மாரப்பன் வீட்டில் வெல்லம் காய்ச்சும் கொப்பரை சும்மா கிடந்தது. கிணறுகள் வற்றியதால் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் வடமும் உருளையும் அந்த மாடுகளும்கூடச் சும்மா இருந்தன. உருளையைப் புளியமரக் கிளையில் கட்டி, கொப்பரையை வடத்தில் தொங்கவிட்டு, மாட்டை ஓட்டினால் கொப்பரை மேலே போகும். ஓரத்தில் சைக்கிள் விளக்கு கட்டினார். கப்பல் தலைவன் அவரேதான். சிகரெட்டு அட்டைக்குள் வரும் ஈயத்தாளைச் சேர்த்து ஒட்டி ஒரு சட்டை போட்டுக்கொண்டார்.

குரலுக்கு ராயம்மாள். பெண்பிள்ளை மேடை ஏறக் கூடாது, ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கலாமே என்று ஊரே சொல்லிவிட்டது. காலிக் குடத்தின் வாய்க்குள் முகத்தை வைத்துப் பேசினாள். அது அப்படியே ரேடியோக் குரல் போலவே இருந்தது. இல்லை, அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

கடைசி இடத்துக்கு அல்போன்சு 'சவரி' என்று ஒரு பெயரை எழுதியிருந்தார். அந்தோணியார் கோயில் ஆட்களில் தெருவுக்கு ஒரு சவரி இருப்பான், யாரையும் குறிப்பாகச் சொன்னதாக ஆகாது என்பது அவர் எண்ணம். மாடு அடைந்த நேரத்தில் நாடகம் ஆரம்பித்தது. குடத்துக்குள்ளிருந்து ராயம்மாள் கூப்பிட்டாள்: "சவரி..."

கூட்டத்தில் கிணறு வெட்டுகிற சவரி எழுந்து நின்று, "அட, என்னையுமா கூப்புட்டுட்ட அக்கா? இதோ வரேன், இதோ வரேன்!" என்று வேட்டியை மடித்துக் கட்டினான். ஊரே சிரித்தது. ராயம்மாளும் குடத்துக்குள் சிரித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை மாரப்பன் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்திருந்தார்கள். ஒரு வெடி வெடிக்கவில்லை என்று சவரி இறங்கிப் பார்த்தான். அவன் குனிந்தபோது அது வெடித்தது.

அடக்கத்துக்கு ராயம்மாள் போனபோது பெண்கள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். மரியாதைக்கு நகர்ந்தது போலத்தான் இருந்தது. அவளைச் சுற்றி வெறும் தரை தெரிந்தது. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் ஒருத்திதான் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

ராயம்மாள் அந்தோணியார் கோயில் சாமியாரிடம் போய், பெயர் கூப்பிட்டதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். "வெடி கொன்னதும்மா, நீ இல்ல," என்றார் அவர். ராயம்மாள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் வீட்டில் மாட்டைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

நாடகம் அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மழை வராதவரை கதை முடியவில்லை என்றுதானே அர்த்தம்? பச்சியப்பன் ஒரு வழி சொன்னார். இனிமேல் செத்துப்போனவர்கள் பெயரை மட்டும் கூப்பிடுவது. கூப்பிட்டால் அந்த வீட்டு ஆள் ஒருவர் கூட்டத்திலிருந்து "இதோ வராங்க" என்று பதில் சொல்ல வேண்டும். கடைசி இடத்துக்கு வந்ததும் ரேடியோவில் நின்ற மாதிரியே நிறுத்திவிடுவது. சவரிக்கு அப்புறம் அந்த இடத்தில் ஒரு பெயரை வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, எங்கள் ஊரிலும் போடுங்கள் என்று கேட்டார்கள். கொப்பரையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பைநல்லூர் வரைக்கும் போனார்கள். அங்கே ஒரு தாய், அம்மை போட்டுச் செத்த தன் பெண்ணின் பெயரைச் சொல்லச் சொன்னாள். குடத்துக்குள்ளிருந்து அந்தப் பெயர் வந்தபோது, "இதோ வரா ஆத்தா, தலை வாரிக்கினு வரா," என்றாள். ராயம்மாள் அடுத்த பெயரைச் சொல்லுமுன் குடம் உள்ளே ஈரமாகிவிட்டது.

பாப்பாரப்பட்டியில் வேறு ஆட்கள் தனியாக ஒரு நாடகமே போட ஆரம்பித்தார்கள். அதில் நட்சத்திரத்துக்காரர்கள் எல்லோருக்கும் போலீஸ் தொப்பி. கடைசியில் எல்லோரையும் பிடித்துக்கொண்டு போய் நட்சத்திரத்திலேயே ஜெயிலில் போடுவார்களாம். அல்போன்சு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கதையக் கெடுத்துட்டானுங்க படுபாவிங்க," என்று இரண்டு நாள் புலம்பினார். ஆனால் அவர்கள் முடித்துவிட்டார்கள். அது பச்சியப்பன் மனத்தில் விழுந்தது. போன வாரம் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு தூறல் விழுந்ததாகவும் யாரோ சொன்னார்கள்.

ஆவணியும் காய்ந்தது. குடிக்கிற தண்ணீருக்கே பெண்கள் பாறைப் பள்ளத்தில் காத்துக் கிடந்தார்கள். அப்போதுதான் குள்ளம்மாள் அடுப்படிக்கு வந்து ராயம்மாளின் காதோடு சொன்னாள்.

"அக்கா, ஊர்ல ஒரு பேச்சு ஓடுது. கடைசி எடத்துக்கு உசுரோட இருக்கறவன் பேரும் ஆகாதாம், செத்தவன் பேரும் ஆகாதாம். ரெண்டும் இல்லாதவன் பேரு வேணுமாம்."

"அப்படி யாரு இருக்கா?"

குள்ளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ராயம்மாளுக்கு ஒரே பிள்ளை, சின்னப்பராஜ். நாடகத்துக்கெல்லாம் முந்தியே லாரிக் கிளீனராகப் பெங்களூருக்குப் போனவன். அங்கிருந்து ஹூப்ளி போகிறேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான். அதற்கு அப்புறம் ஒரு சேதியும் இல்லை. லாரி கவிழ்ந்தது என்றான் ஒரு டிரைவர். அவன் பார்த்தது வேறு லாரி என்றான் இன்னொருவன். ராயம்மாள் தினமும் ஜெபமாலையில் பத்து மணிகளுக்கான ஜெபத்தை அவனுக்கென்று சொல்லிவந்தாள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சொல்கிற ஜெபம் அது. செத்தவர்களுக்குச் சொல்கிற 'நித்திய இளைப்பாற்றி'யை அவள் நாக்கு அவனுக்காகச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது வீட்டு வாசலில் பச்சியப்பனும் மாரப்பனும் இன்னும் பல பேரும் நின்றிருந்தார்கள். யாரும் கோபமாக இல்லை. பெரியம்மாள் என்கிற கிழவி ஒரு சொம்புத் தண்ணீரைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நாளில் ஒரு சொம்புத் தண்ணீர் என்பது லேசான காரியம் இல்லை.

"நாங்க ஒண்ணும் புள்ளய வெட்டிக் குடுன்னு கேக்கலீங்க," என்றார் பச்சியப்பன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே. "ஒரு பேரு. வாயால ஒரு பேரு. அவ்வளவுதானுங்க."

"அவன் இருக்கான்," என்றாள் ராயம்மாள்.

"இருந்தா இந்நேரம் ஒரு சேதி வராதுங்களா? இருக்கட்டும், இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆவாது. வெறும் நாடகந்தானே?"

"வெறும் நாடகம்னா மழை எப்படிங்க வரும்?"

எல்லோரும் அல்போன்சைப் பார்த்தார்கள். அவர் சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு மழைக்கில்ல புள்ள. இருக்கான்னா இருக்கான்னு தெரியணும். இல்லேன்னா ஒரு பூச வெச்சு அழுது தீத்துடணும். இப்படி அந்தரத்துல தொங்கிக்கினே எத்தினி நாளு? நான் எழுதிட்டேன். நீ சொல்லிடு."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

ராயம்மாள் அன்று சாயங்காலம் அந்தோணியார் சிலைக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்றுதான் அவரிடம் எல்லோரும் போவார்கள். அவள் எதையும் கேட்கவில்லை என்று பின்னாளில் சொன்னாள். கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்ததாம்.

புரட்டாசியில் ஒரு நாள் நாடகம் வைத்தார்கள். கம்பைநல்லூரிலிருந்தும் கடத்தூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கொப்பரையைச் சாம்பல் போட்டுத் துலக்கியிருந்தார்கள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது நிலா போல இருந்தது. புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மாடுகள் வடத்தோடு நின்றன. இந்தத் தடவை கூட்டத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. வெற்றிலை மெல்லுகிறவர்கள்கூட வாயை அசைக்கவில்லை.

செத்தவர்கள் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் "இதோ வராங்க" என்று பதில் வந்தது. பிறகு ஈயத்தாள் சட்டையில் அல்போன்சு முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினார்.

"இன்னும் ஓர் இடம் இருக்கிறது," என்றது குடம். "வரவேண்டியவரின் பெயர்..."

ரேடியோவில் நின்ற இடம் அது. ராயம்மாளும் நிறுத்தினாள். திரைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் அந்தப் பெயரை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது. ஊர் முழுக்க அவள் பிள்ளையின் பெயரை மூச்சில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அல்போன்ஸ்," என்றாள் ராயம்மாள்.

கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அது ஒரு பெயர்தான். சொன்னது அவர் மனைவி. அந்த ஊரில் தாலி கட்டின புருஷன் பெயரைச் சொன்ன பெண் கிடையாது. புருஷன் பெயரே இன்னொருவருக்கும் இருந்தால் அவரையும் வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்களும் நம்பினார்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் நம்பினார்கள். ராயம்மாளும் நம்பினாள். அதுதான் பெரிய விஷயம்.

அல்போன்சு உயர்த்திய கையோடு திரையைப் பார்த்து நின்றார். கூப்பிட்டால் வீட்டு ஆள் பதில் சொல்ல வேண்டும், அது அவர்கள் வைத்த முறை. அவருக்கு வீட்டு ஆள் வேறு யார்? குடத்துக்குள்ளிருந்தே அந்தப் பதிலும் வந்தது.

"இதோ வராரு."

அவர் போய்க் கொப்பரையில் ஏறினார். மாரப்பன் மாட்டைத் தட்டினார். வடம் கிறீச்சிட்டது. கொப்பரை மெல்லச் சுற்றிக்கொண்டே மேலே போயிற்று. பச்சியப்பன் மங்களம் பாடினார். யாரும் கூடப் பாடவில்லை.

கீழே இறக்கியபோது அல்போன்சு நன்றாகத்தான் இருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார், "ஏம் புள்ள, எம் பேரு உனக்குத் தெரியுமா?"

"கோயில்ல கல்யாண ஓல வாசிச்சாங்களே, அன்னிக்குக் கேட்டது."

"நல்லாத்தான் சொல்ற," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு, "எம் மேல உனக்கு அவ்வளவு கோவமா?" என்றார்.

"கோவமில்லீங்க. அவம் பேர எழுதிட்டேன்னு சொன்னீங்க. நான் அழிச்சேன்."

அதற்கு மேல் அந்த வீட்டில் நாடகப் பேச்சே இல்லை. அவர் ஈயத்தாள் சட்டையை அடுப்பில் போட்டார். கடைக்குப் போனார், பஞ்சர் ஒட்டினார். ஆனால் அவர் இருமினால் தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், 'இன்னும் இருக்கிறாரா' என்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வை ஒரு ஆளைத் தின்னும். ராயம்மாள் வெற்றிலைச் சாறும் துளசியும் காய்ச்சிக் கொடுத்தாள். கடத்தூருக்கு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். மார்ச்சளி, பழைய இருமல்தான், பயமில்லை என்றார் வைத்தியர்.

ஐப்பசி நடுவில் அல்போன்சு இறந்துபோனார். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் நிமிரவில்லை.

கல்லறைக்குத் தூக்கிப் போகும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போதே பெரிய பெரிய துளியாக விழுந்தது. குழியில் மண் தள்ளியவர்களுக்கு முழங்கால் வரை சேறு. ஐப்பசியில் மழை வருவது ஒன்றும் அதிசயம் இல்லை, போன வருஷம் வராததுதான் அதிசயம். ஆனால் யார் அப்படி நினைக்கப்போகிறார்கள்? தூக்கி வந்தவர்கள் வானத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பச்சியப்பன் நனைந்துகொண்டே ராயம்மாளிடம் வந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"பெரிய மனசு ஆத்தா உனக்கு," என்றார்.

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் கையைக் கூப்பினார்கள். புருஷனைக் குழியில் வைத்த பெண்ணுக்கு ஊரே நன்றி சொன்னது. ராயம்மாள் குள்ளம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் சாமியாரிடம் கேட்டாள். "நான் கொல்லலன்னு சொன்னீங்களே சாமி. அப்ப ஏன் மழை வந்துச்சு?" நல்ல சாமியார் அவர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து ஒரு 'அருள்நிறை மரியாயே' ஜெபம் சொன்னார்.

வருஷங்கள் போயின. சைக்கிள் கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். ராயம்மாள் களை எடுக்கவும் கடலை பிடுங்கவும் போய்ப் பிழைத்தாள். கூலிக்குக் கூப்பிடுகிறவர்கள் அவளுக்கு அதிகமாகவே மரியாதை கொடுத்தார்கள். அவள் வந்தால் வம்புப் பேச்சு நின்றுவிடும். பெரிய வெள்ளிக்கிழமை புலம்பல் பாட அவளை யாரும் அழைக்கவில்லை, அவளும் பாடுகிறேன் என்று சொல்லவில்லை. கல்லறைத் திருநாளில் கோயில் உபதேசியார் இறந்தவர்கள் பெயரை ஒவ்வொரு வீடாகக் கேட்டு வருவார். அவள் புருஷன் பெயரைக் குள்ளம்மாள்தான் சொல்லுவாள். "தம்பி பேரு?" என்று உபதேசியார் இழுப்பார். "அவன் இருக்கான்," என்பாள் ராயம்மாள்.

எழுபதுகளில் மறுபடியும் ஒரு பஞ்சம் வந்தது. ஏரி தரை தெரிந்து வெடித்தது. ஒரு மத்தியானம் ராயம்மாள் விறகு பிளந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பச்சியப்பன் கோலூன்றி வந்திருந்தார். மாரப்பனும் ஊர் ஆட்களும் கூட இருந்தார்கள். முன்னே நாடகம் பார்த்திராத வாலிபர்களும் இருந்தார்கள், அவர்கள்தான் அதிக ஆசையோடு பார்த்தார்கள்.

"கொப்பரையத் தொலக்கி வெச்சிருக்கமுங்க," என்றார் மாரப்பன்.

"எதுக்கு?"

"உனக்குத் தெரியாததா ஆத்தா," என்றார் பச்சியப்பன். "புள்ள போயி எத்தினி வருசமாச்சு. இனிமேயா வரப்போறான்? அன்னிக்கு அவனுக்குப் பதிலா நீ வேற பேரச் சொன்ன. சரி, ஊரு பொழச்சிச்சு. இன்னிக்கு அவம் பேரயே சொல்லிடு. வேற யாருக்கும் நோவு வேணாம்."

ராயம்மாள் கோடாலியைச் சுவரில் சாய்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்றேனுங்க," என்றாள். "உள்ளார குடம் இருக்குது, எடுத்தாரேன். அதுக்கு முன்னால நீங்க ஒவ்வொருத்தரும் உங்க பேர எங்கிட்டச் சொல்லுங்க."

"எங்க பேரா? எங்க பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. இருந்தாலும் உங்க வாயால சொல்லுங்க. யாரு யாரு வந்து எம் புள்ளய கேட்டாங்கன்னு நான் ஆண்டவர்கிட்டச் சொல்லணுமில்ல? அந்தக் குடத்துக்குள்ளதான் சொல்லணும். எனக்கு வேற எடம் தெரியாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குள்ளம்மாளுக்கே பாதிதான் கேட்டதாம். மாரப்பன் பச்சியப்பனைப் பார்த்தார். வாலிபர்களில் ஒருவன், "நான் சும்மா கூட வந்தேன் ஆத்தா, எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று பின்வாங்கினான். இன்னொருவன் மாட்டைப் பார்க்கப் போக வேண்டும் என்றான். ஒவ்வொருவராக வாசலை விட்டு நகர்ந்தார்கள். கடைசியில் பச்சியப்பன் மட்டும் கோலோடு நின்றார். அவரால் வேகமாக நடக்க முடியாது.

"நீங்க சொல்லுங்க," என்றாள் ராயம்மாள்.

அவர் திரும்பி, வெயிலில் தடுமாறித் தடுமாறிப் போனார். ராயம்மாள் அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், விழுந்துவிடப் போகிறாரே என்று.

மழை அந்த வருஷம் தாமதமாக, கொஞ்சமாக வந்தது. சின்னப்பராஜ் வரவில்லை. அவன் இறந்தான் என்ற சேதியும் வரவில்லை. ராயம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. அப்புறம் அவள் வாசலுக்கு யாரும் பெயர் கேட்டு வரவில்லை. கல்லாத்துப்பட்டியில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அவள் வேலியோரம் விளையாடினார்கள். அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எந்தத் தாயும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.